வண்டிக்குக் கரண்ட் கொடுத்தாயா?

நவம்பர் பிறந்துவிட்டால் அப்பாவின் தொலைபேசிப் பேச்சில் ஒரு கேள்வி கூடிவிடும். சாப்பிட்டாயா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, மருமகளுக்கு இருமல் நின்றதா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "வண்டிக்குக் கரண்ட் கொடுத்தாயா சாமி?"

நாமக்கல்லில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கனடாவின் வின்னிபெக்கில் பனிக்குள் நிற்கும் என் லாரிக்காகக் கவலைப்படுகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். முப்பத்தொரு வருடம் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டியவர். வண்டியையும் மாட்டையும் பட்டினி போட்டுவிட்டு மனிதன் சாப்பிட உட்காரக் கூடாது என்று நினைக்கிறவர். அவருக்கு நான் இங்கே செய்யும் வேலைகளில் எதுவும் புதிதல்ல, இந்த ஒன்றைத் தவிர. எஞ்சினுக்கு இரவில் மின்சாரம் கொடுப்பது என்பது அவர் கேள்விப்படாத சங்கதி.

நான் முதலில் அவருக்கு அதை விளக்கியது இப்படித்தான். நம் வீட்டில் மார்கழி மாதம் அம்மா குளிக்கத் தண்ணீர் வைக்கும்போது வாளிக்குள் ஒரு ஹீட்டர் ராடு போடுவார் அல்லவா, அதே மாதிரி ஒரு சின்னக் கம்பியை எஞ்சினுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடுகிற வழியில், எஞ்சினின் உடலான இரும்பு வார்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு துளை வழியாக அது உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அதன் ஒயர் வண்டியின் முன்பக்கம் வந்து தொங்கும். இரவில் அதை வீட்டுப் பிளக்கில் செருகிவிட்டால் அந்த ரேடியேட்டர் தண்ணீர், அதாவது கூலன்ட், சூடாகும். சூடான கூலன்ட் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் இல்லாமலே மெதுவாகச் சுற்றிச் சுற்றி மொத்த வார்ப்பும் வெதுவெதுப்பாகிவிடும். இதற்கு இங்கே பிளாக் ஹீட்டர் என்று பெயர்.

"ராடு போட்டால் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துத்தானே சுவிட்சைப் போட வேண்டும்?" என்றார் அப்பா. அந்த ஒரு கேள்வியின் அருமை எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

2013இல் நான் வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்துக்கு வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் என் கண்ணில் பட்டது இந்த ஒயர்கள்தான். கார், பிக்அப், பஸ், எல்லாவற்றின் மூக்கிலும் ஒரு பிளக் தொங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்தத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குட்டைக் கம்பம், அதில் மின் இணைப்பு. வாடகை ஒப்பந்தத்தில் அதற்குத் தனியாக ஒரு வரி. இரவு எட்டு மணிக்கு மேல் ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வண்டியைத் தொழுவத்தில் கட்டுவதுபோல ஒயரைச் செருகிவிட்டு உள்ளே போவார்கள். எனக்கு அதைப் பார்க்க மிகவும் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும்.

இது ஏன் வேண்டும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்த வண்டியில், சொந்தப் பணத்தில் தெரிந்துகொண்டேன்.

முதல் ஐந்து வருடம் கம்பெனி வண்டி ஓட்டினேன். அங்கே எல்லாவற்றையும் பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். 2018 செப்டம்பரில் கையில் இருந்த சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு டிரெய்லரை இழுக்கும் ஒரு பழைய டிராக்டர் லாரி வாங்கினேன். 15 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். விற்றவர் வண்டியைச் சுற்றிக் காட்டும்போது ஓட்டுநர் பக்கப் படிக்குக் கீழே இருந்த பிளக்கைத் தட்டிக் காட்டி, "பிளாக் ஹீட்டர் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது" என்றார். நானும் தலையாட்டினேன்.

நவம்பர், டிசம்பர் முழுவதும் ஒரு நாள் தவறாமல் இரவில் ஒயரைச் செருகினேன். காலையில் ஒரு நாள் தவறாமல் வண்டி எடுத்தது. மைனஸ் 15, மைனஸ் 20. ஹீட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். உண்மையில் அந்தக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமலே அந்த எஞ்சின் எடுத்திருக்கும். நல்ல பேட்டரிகள், 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில். அந்த இரண்டும்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்ததோ வேறொன்றுக்கு.

2019 ஜனவரி கடைசி வாரம் துருவக் குளிர் இறங்கியது. மத்திய கனடாவும் அமெரிக்காவின் வடபகுதியும் சேர்ந்து உறைந்த வாரம் அது. ரெஜைனாவுக்கு மளிகைச் சரக்கு, அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். லாரிகள் நிற்கும் யார்டுக்குப் போய்க் கார் கதவைத் திறந்ததும் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து முள்ளாகக் குத்தியது. காலுக்குக் கீழே பனி நொறுங்கவில்லை, மரப்பலகையில் நடப்பதுபோல 'கிரீச் கிரீச்' என்று கத்தியது. மைனஸ் 35க்குக் கீழே போனால்தான் அந்தச் சத்தம் அந்த அளவுக்கு வரும் என்பது என் அனுபவம். காரின் வெப்பமானி மைனஸ் 37 காட்டியது.

இரவே ஒயரைச் செருகியிருந்தேன். கம்பத்தில் கரண்ட் இருந்தது, ஒயரின் முனையில் இருக்கும் சின்ன விளக்கும் எரிந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். காத்திருக்கச் சொல்லும் விளக்கு அணைந்தது. செல்ஃப் அடித்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? வழக்கமாகச் செல்ஃப் ஒரே மூச்சில் சுழற்றும். அன்றைக்கு ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியாகத் தூக்கியது. ஊ... ம்ம்ம்... ஊ... ம்ம்ம்... கிணற்றில் இருந்து கனத்த வாளியை இழுக்கும் கிழவி ஒவ்வொரு இழுப்புக்கும் நின்று மூச்சு வாங்குவதுபோல. பின்னால் திரும்பிப் பார்த்தால் புகைப்போக்கியில் வெள்ளைப் புகை. எரியாத டீசல். இரண்டாவது முறை இன்னும் மெதுவாக. மூன்றாவது முறை 'டக்' என்ற ஒரே சத்தம், டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன.

பக்கத்து வண்டியில் இருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். பஞ்சாபி, இருபத்தைந்து வருடமாக இந்தச் சாலைகளில் ஓட்டுகிறவர். யார்டில் எல்லோருக்கும் அவர் பாஜி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையை வார்ப்பின் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் கொண்டுபோனார். அந்தக் குளிரில் ஈரமான விரல் இரும்பில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் புறங்கை. ஒரு நொடிதான். கையை எடுத்துவிட்டு, "இது இரவு முழுவதும் பட்டினி கிடந்திருக்கிறது, தம்பி" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை அப்படியே அப்பா சொல்வதுபோல் கேட்டது.

குளிர் ஒரு டீசல் எஞ்சினை எப்படி வளைத்துப் பிடிக்கிறது என்பதை அன்று காலை பாஜிதான் எனக்குச் சொன்னார். பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். சுற்றிலும் இருக்கும் இரும்பு மைனஸ் 37இல் இருந்தால், பிறக்கிற சூட்டை அது அங்கேயே உறிஞ்சிவிடும். வேகமாகச் சுழன்றால் சூடு தப்பிக்க நேரம் இருக்காது. ஆனால் வேகமாகச் சுழல விடாமல் ஆயில் பிடித்துக்கொள்ளும். குளிரில் ஆயில் கம்பிப் பதம் தாண்டிய வெல்லப்பாகு மாதிரி. டப்பாவில் 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண் இதற்காகத்தான். 15டபிள்யூ ஆயிலைச் செல்ஃப் சுழற்ற முடிகிறதா என்று மைனஸ் 20இல் சோதிக்கிறார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30இல், 0டபிள்யூவை மைனஸ் 35இல். என் 5டபிள்யூ அன்றைக்குத் தன் எல்லையைத் தாண்டி ஏழு டிகிரி கீழே கிடந்தது.

மூன்றாவதாக, பேட்டரி. குளிரில் எஞ்சின் அதிக பலம் கேட்கும், அதே குளிரில் பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனம் சோம்பிப்போய்க் குறைவான பலம்தான் தரும். பேட்டரியின் மேல் குளிர்த் திறன் என்று அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண்ணே மைனஸ் 18இல் அளந்தது. அதற்கு எவ்வளவோ கீழே அந்த எண்ணை நம்பி நிற்க முடியாது. கேட்பது கூடிக்கொண்டே போகும், கிடைப்பது குறைந்துகொண்டே வரும். இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் வண்டி நின்றுபோகிறது. பிளாக் ஹீட்டர் பேட்டரியைத் தொடுவதே இல்லை. ஆனால் எஞ்சின் கேட்பதைக் குறைத்துவிடுகிறது. அது செய்யும் உபகாரம் அதுதான்.

இன்னொரு ஓட்டுநர், இளைஞர், உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு ஈதர் ஸ்ப்ரே டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். காற்று போகும் குழாயில் இரண்டு முறை அடித்தால் உடனே பற்றிக்கொள்ளும் என்றார். பாஜி அவர் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பியோ, சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கோ இருக்கும் எஞ்சினில் ஈதர் அடித்தால் நேரம் காலம் இல்லாமல் உள்ளேயே வெடிக்கும், பிஸ்டனோ குழாயோ போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எத்தனை அவசரமாக இருந்தாலும் செய்யாதீர்கள்.

அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரு பெரிய தார்ப்பாய். எஞ்சின் பக்கம் முழுவதையும் தரை வரைக்கும் மூடினோம். மண்ணெண்ணெயில் ஓடும் சூட்டுக்காற்று இயந்திரம் ஒன்றை யார்டில் இருந்து உருட்டிக்கொண்டு வந்து, தள்ளி வைத்து, குழாய் வழியாகக் காற்றைத் தார்ப்பாய்க்குள் விட்டோம். ஒருவர் மாற்றி ஒருவர் நெருப்புக் காவல் நின்றோம். மூன்று மணி நேரம். பேட்டரிகளைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜில் போட்டோம். சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருக்கும் அமிலத்தில் முக்கால்வாசித் தண்ணீர்தான், உறைந்து பக்கம் வெடித்துவிடும். உறைந்த பேட்டரிக்கு வேறு வண்டியில் இருந்து கரண்ட் கொடுப்பது ஆபத்து. ஏழரை மணிக்கு எஞ்சின் எடுத்தது. சரக்கு ஐந்து மணி நேரம் தாமதம், வாடகையில் பிடித்தம்.

அன்று இரவு ரெஜைனாவில் இருந்து அப்பாவை அழைத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு பழைய கதை சொன்னார். தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம், ஜம்முவில் இருந்து ஸ்ரீநகர் போகும் வழியில் பனிஹால் பக்கத்தில் சாலையைப் பனி மூடிவிட்டது. வரிசையாக நூற்றுக்கணக்கான லாரிகள். இரண்டு இரவு. காலையில் எந்த வண்டியும் எடுக்கவில்லை. அந்த ஊர் ஓட்டுநர்கள் தகரத் தட்டில் கங்குகளை அள்ளி வந்து ஆயில் சம்புக்குக் கீழே தள்ளி வைத்தார்களாம். கங்குதான், கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு கூடாது. கிளீனர் பையன் ஒருவன் பக்கத்திலேயே மணல் வாளியோடு குந்தியிருக்க வேண்டும். "எஞ்சினுக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும் என்று அங்கே தெரிந்துகொண்டேன் சாமி. உனக்குக் கம்பி இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பிளக்கின் இரண்டு பின்களிலும் மீட்டரை வைத்தார். 120 வோல்ட்டில் 1500 வாட் எடுக்கும் கம்பிக்கு 9.6 ஓம் இருக்க வேண்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வரும் எண் அது, யாரும் போட்டுப் பார்க்கலாம். 1000 வாட் என்றால் 14.4, பிக்அப் வண்டிகளில் வரும் 750 வாட்டுக்கு 19.2. என் ஹீட்டருக்கு மீட்டர் எதுவுமே காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. கூலன்ட்டை இறக்கிவிட்டு அதைத் திருகி வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் பருமனில் கொண்டை ஊசிபோல வளைந்த உலோகக் குழாய். வளைவின் ஓரிடத்தில் மட்டும் கறுத்து, உப்பி, நெல் முளைவிட்டதுபோல வாய் பிளந்திருந்தது. எப்போதோ கூலன்ட் குறைந்தபோது அல்லது மாற்றும்போது உள்ளே காற்று தங்கியிருக்கிறது, அந்த நேரத்தில் யாரோ கரண்ட் கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் படாத இடம் வெந்துவிட்டது என்றார். வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாயா என்று அப்பா என்றோ கேட்டது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

கிட்டத்தட்ட மூன்று மாதம், ஒவ்வொரு இரவும், செத்துப்போன கம்பிக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒயரில் விளக்கு எரிவது ஒயருக்குள் கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. எஞ்சின் அதைச் சாப்பிடுகிறதா என்பது வேறு விஷயம்.

இப்போது என் வழக்கம் இது. பிளக்குக்கும் ஒயருக்கும் நடுவில் வாட் மீட்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். செருகியதும் 1400க்கு மேல் எண் வருகிறதா என்று பார்க்காமல் யார்டை விட்டு நகர மாட்டேன். மீட்டர் வாங்காதவர்களுக்குக் காதே போதும். செருகிய ஓரிரு நிமிடத்தில் வார்ப்பின் பக்கம் காதைக் கொண்டுபோனால், அடுப்பில் வைத்த பால் கொதிக்கத் தொடங்குவதற்கு முன்னால் பாத்திரத்தின் அடியில் கேட்குமே, அந்த மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும். யார்டில் வேறு எஞ்சின்கள் ஓடாத நேரமாக இருக்க வேண்டும்.

ஒயர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 1500 வாட் என்றால் பன்னிரண்டரை ஆம்பியர், பல மணி நேரம் தொடர்ந்து. வீட்டில் விளக்குக்கு வைத்திருக்கும் மெல்லிய ஒயர் இதைத் தாங்காது, சூடாகி உருகும். 12 கேஜ் ஒயர் வாங்குங்கள் (எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). வெளிக்குளிருக்கென்று செய்த, மைனஸ் 40இலும் வளையும் உறை போட்டதாக இருக்க வேண்டும். சாதாரண ஒயர் மைனஸ் 30இல் மூங்கில் கழிபோல விறைத்து நிற்கும், வளைத்தால் உறை வெடிக்கும். வண்டிப் பக்கம் இருக்கும் பிளக்கின் பின்களைச் சாலையில் தூவும் உப்பு அரித்துவிடுகிறது. மாதம் ஒருமுறை துடைத்து, மின் இணைப்புகளுக்கான கிரீஸ் கொஞ்சம் தடவி, மூடியைப் போட்டு வைக்கிறேன்.

இரவு முழுவதும் கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு மணி நேரத்தில் சூடு ஏறவேண்டிய அளவுக்கு ஏறிவிடும், அதற்குப் பிறகு கொடுப்பதெல்லாம் காற்றில் போகிறது. அதனால் டைமர் வைத்திருக்கிறேன். 15 ஆம்பியர் தாங்கும் டைமராகப் பார்த்து வாங்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு 6 யூனிட். மனிடோபாவில் யூனிட் சுமார் 10 சென்ட், ஆக அறுபது சென்ட்டில் ஒரு காலை. இதைச் செய்யாமல் இரவு முழுக்க எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு முப்பது லிட்டர். அது போகட்டும், பக்கத்து வீடுகளில் குழந்தைகள் தூங்குகிற நேரம்.

சாலையில் தங்கும்போது பிளக் கிடைக்காது. தண்டர் பே போகும் வழியில் இக்னேஸ் பக்கம் ஒரு ராத்திரி நின்றால் சுற்றிலும் மரங்கள்தான். அதற்காக வண்டியின் டீசலையே துளித்துளியாக எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கும் சின்ன அடுப்புகள் இருக்கின்றன, வெபாஸ்டோ, எஸ்பார் என்று. 2021இல் ஒன்று பொருத்தினேன். அதற்கும் சுற்றும் பம்புக்கும் பேட்டரியில் இருந்து கரண்ட் வேண்டும் என்பதால் பேட்டரி பலமாக இருக்க வேண்டும். யார்டில் இருக்கும்போது எனக்கு இப்போதும் பிளக்தான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பிளாக் ஹீட்டர் எஞ்சினை மட்டும்தான் சூடாக்கும். டேங்கில் இருக்கும் டீசலை அது தொடாது. வெப்பமான ஊரில் நிரப்பிய டீசலோடு வடக்கே வந்தால், குளிரில் அதில் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். எஞ்சின் அழகாக எடுத்து, பத்து நிமிடத்தில் மூச்சுமுட்டி நிற்கும். குளிர்கால டீசலை வழியிலேயே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். பிரேக்கையும் அது தொடாது. ஈரமான பிரேக்கோடு நிறுத்தினால் காலையில் டிரெய்லர் சக்கரம் சுற்றாது, சுத்தியலோடு கீழே படுக்க வேண்டும்.

தெற்கே அமெரிக்காவின் ஃபார்கோவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போதெல்லாம் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைக் கடக்கிறேன். வின்னிபெக்கில் இருந்து இரண்டரை மணி நேரம், நடுவில் எல்லைச் சோதனை. அந்த ஊர்க்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் கருவி ஒன்றுக்கு 1949இல் காப்புரிமை பெற்றவர். எஞ்சின் தலையை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சூடாகும் போல்ட் ஒன்றை வைத்தார். கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் மின்சாரம் கொண்டுபோன கூட்டுறவு அமைப்பின் நிர்வாகி அவர். பண்ணை வீட்டுக்குக் கரண்ட் வந்த காலத்திலேயே வாசலில் நின்ற வண்டிக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஊரைத் தாண்டும்போது மனதுக்குள் ஒரு வணக்கம் சொல்லாமல் நான் போனதில்லை.

போன மாதம் ஈரோட்டில் இருந்து வந்த ஒரு தம்பி எங்கள் யார்டில் சேர்ந்தான். முதல் குளிர்காலம். மைனஸ் 31 சொல்லியிருந்த ஒரு இரவு அவனை என் வண்டிக்கு அழைத்துப்போனேன். ஒயரைச் செருகச் சொன்னேன். செருகிவிட்டு, "முடிந்ததா அண்ணா?" என்றான். தொப்பியின் காதுமடலைத் தூக்கிவிட்டு எஞ்சின் பக்கம் குனியச் சொன்னேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அவன் வாயில் இருந்து வந்த ஆவி விளக்கு வெளிச்சத்தில் மேலே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது நிமிடத்தில் அவன் கண்கள் விரிந்தன. "அண்ணா, பால் பொங்குகிற மாதிரி..." என்றான். நான் அவனிடம் பால் கதையைச் சொல்லியிருக்கவே இல்லை.

பிறகு அவன் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து ஸ்டீயரிங்கில் கட்டச் சொன்னேன். கரண்ட் கொடுத்த இரவெல்லாம் அது அங்கே இருக்க வேண்டும். காலையில் ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்த பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். கழற்ற மறந்து வண்டியை நகர்த்தினால் கம்பம், ஒயர், பிளக் மூன்றில் ஒன்று கையோடு வந்துவிடும்.

காலை ஐந்து மணிக்கு இருவரும் போனோம். வாட் மீட்டரைப் பார்த்தேன், 1460. கழற்றினேன், சுருட்டினேன், துணியை அவிழ்த்தேன். சாவி. விளக்கு அணையக் காத்திருந்தேன். ஒரே சுற்று, இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புகைப்போக்கியில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு, அதுவும் உடனே மறைந்துவிட்டது. ஆயில் அழுத்த முள் மெதுவாக எழுந்து தன் இடத்தில் நின்றது.

நாமக்கல்லில் அப்போது மாலை நாலரை, அப்பா டீ குடிக்கும் நேரம். அழைத்து, ஒன்றும் பேசாமல் தொலைபேசியை ஜன்னலுக்கு வெளியே எஞ்சின் பக்கம் நீட்டினேன். அரை நிமிடம் இருக்கும். எடுத்துக் காதில் வைத்தேன்.

"சத்தம் சுத்தமாக இருக்கிறது" என்றார். "லோடு எந்த ஊருக்கு சாமி?"